ஒரு கைப்பிடி எதைச் சொல்லும்? மாதிரி எடுத்தல் குறித்து ஒரு தொடக்க விளக்கம்

கோத்தகிரிப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சாலை முனையில் பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகை ஒன்று இருக்கிறது. பிற்பகலில் சிறு விவசாயிகள் கொழுந்து மூட்டைகளைச் சுமந்து வந்து அங்கே இறக்குவார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும் ஆள் மூட்டையின் வாயை அவிழ்த்து, மேலாக ஒரு பிடி இலையை அள்ளி, உள்ளங்கையில் பரப்பிப் பார்ப்பார். இளங்கொழுந்து எவ்வளவு, முற்றிப்போன கரட்டு இலை எவ்வளவு என்பது அந்த ஒரு பிடியைக் கொண்டே முடிவாகிறது. மூட்டை 25 கிலோ என்றும் பிடி 50 கிராம் என்றும் வைத்துக்கொண்டால், ஐந்நூறில் ஒரு பங்கு மற்ற 499 பங்குக்கும் சேர்த்துச் சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சியை எப்போது நம்பலாம், எப்போது நம்பக் கூடாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நாம் அறிய விரும்பும் முழுப் பொருளை, அது ஒரு மூட்டை இலையாக இருந்தாலும், ஒரு மலைச்சரிவின் மண்ணாக இருந்தாலும், ஒரு தொகுதி மருந்துக் குப்பிகளாக இருந்தாலும், முழுத்தொகுதி என்கிறோம். அதிலிருந்து சோதனைக்காகப் பிரித்தெடுக்கும் சிறு பகுதி மாதிரி. முழுத்தொகுதியில் உள்ள ஒவ்வொரு துணுக்குக்கும் நம் கைக்கு வந்து சேரச் சமமான வாய்ப்பு இருக்கும்படி எடுத்த மாதிரியையே பிரதிநிதித்துவ மாதிரி என்று அழைக்க வேண்டும். இந்த வரையறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மாதிரியை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அது முழுமைக்குப் பிரதிநிதியா என்பது தெரியாது. அதை எடுத்த விதத்தைத் தெரிந்துகொண்டால்தான் தெரியும். இரண்டு பிடி இலைகள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்று மூட்டை முழுவதிலிருந்தும் வந்ததாகவும், மற்றது மூட்டையின் வாயிலிருந்து மட்டும் வந்ததாகவும் இருக்கலாம்.

மூட்டையின் வாயில் என்ன இருக்கும் என்பது மூட்டை கட்டிய கையைப் பொறுத்தது. காலையில் பறித்த இலை அடியிலும் கடைசியாகப் பறித்தது மேலேயும் கிடக்கும். அடியில் கிடப்பது அழுத்தத்தில் சூடேறிச் சிவந்திருக்கும். மழை நாளென்றால் ஓர இலைகளின் ஈரம் ஒரு விதமாகவும் நடு இலைகளின் ஈரம் வேறு விதமாகவும் இருக்கும். ஆகவே முறையாகச் செய்பவர்கள் மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டி, புரட்டிக் கலந்து, மேல், நடு, அடி, ஓரம் என்று பல இடங்களிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்ப்பார்கள். சேர்ந்ததை மறுபடி கலந்து, அதிலிருந்து 200 கிராம் நிறுத்தெடுத்து, இரண்டு இலையும் ஒரு மொட்டும் உள்ளவை, மூன்று இலையும் ஒரு மொட்டும் உள்ளவை, இளம் பஞ்சி (மொட்டு இல்லாமல் நின்றுபோன தளிர்), கரடு என்று தனித்தனியே பிரித்து, ஒவ்வொரு குவியலையும் மறுபடி எடை போடுவார்கள். 200 கிராமில் நல்ல இலை 130 கிராம் இருந்தால் அது 65 விழுக்காடு. எண்ணிக் கணக்கிடாமல் எடை போட்டுக் கணக்கிடுவதற்கும் காரணம் உண்டு. ஒரு கரட்டு இலை ஓர் இளங்கொழுந்தைவிட அதிக எடை கொண்டது. விலையும் எடைக்கே கொடுக்கப்படுகிறது.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் இல்லையா என்று கேட்கலாம். நான் மிகவும் மதிக்கும் பழமொழி அது, அது உண்மையும்கூட. ஆனால் அது உண்மையாக இருப்பதற்குப் பானை சில உதவிகளைச் செய்திருக்கிறது. அரிசி ஒரே வகை, ஒரே அளவு, கொதிக்கும் நீர் அதை ஓயாமல் புரட்டிக்கொண்டே இருக்கிறது, வெப்பம் எல்லாப் பருக்கைக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் போய்ச் சேருகிறது. அப்படிக் கலந்த பொருளில் எந்தப் பருக்கையை எடுத்தாலும் ஒன்றுதான். அதே பானை விறகடுப்பில் ஒரு பக்கம் மட்டும் சூடேறி, கிளறாமல் விட்டிருந்தால், சோறு வடிப்பவர் ஒரு பருக்கையோடு நிற்க மாட்டார். கரண்டியை அடிவரை விட்டுப் பார்ப்பார். பழமொழியைச் சொன்னவர்களுக்குச் சமையல் தெரியும். நாம் பழமொழியை எடுத்துக்கொண்டு, பானையைப் பற்றிய அந்த அறிவை விட்டுவிடுகிறோம்.

மலைச்சரிவு கிளறாத பானை. இதை நான் என் செலவில் கற்றுக்கொண்டேன். எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. மேலே ஊர்ப் பாதை, கீழே ஓடை, இடையில் நல்ல சரிவு. சில ஆண்டுகளுக்கு முன் செடிகள் மஞ்சளித்துச் சோர்ந்து நின்றபோது மண் பரிசோதனைக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்து, பாதையோரத்திலேயே மூன்று இடங்களில் மண்வெட்டியால் கொத்தி, கைக்கு வந்த மண்ணைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அமில கார நிலை (pH) 5.6 என்று முடிவு வந்தது. இந்த எண் குறையக் குறைய மண்ணில் அமிலம் கூடுதல் என்று பொருள். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை ஏற்றது என்பதால், மண்ணில் அமிலம் மிகவில்லை, அமிலத்தைக் குறைக்கும் டோலமைட் சுண்ணாம்பு இட வேண்டியதில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் போயின, செடி தேறவில்லை. மறுபடி போனபோது ஆய்வகத்தில் இருந்த மூத்த அலுவலர் பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது உங்க தோட்டத்து மண்ணா, இல்ல ரோட்டோர மண்ணா?" என்று கேட்டார். முந்தைய கவாத்தின்போது (செடிகளை வெட்டிச் சீர்செய்தபோது) டோலமைட் மூட்டைகளை இறக்கி அடுக்கி வைத்திருந்த இடம் அந்தப் பாதையோரம்தான். ஆய்வகம் சொன்ன எண்ணில் ஒரு தவறும் இல்லை. அது நான் கொடுத்த மண்ணைப் பற்றி மிகத் துல்லியமாகச் சொன்னது. என் தோட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவர் சொல்லிக்கொடுத்த முறையை இங்கே விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் அதன் ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. முதலில் தோட்டத்தை ஒரே தன்மையுள்ள பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். சரிவின் மேற்பகுதியில் மழை மேல்மண்ணை அரித்துக் கீழே கொண்டுபோகிறது. கீழ்ப்பகுதியில் அந்த மண்ணும் மக்கிய இலையும் படிகின்றன. இரண்டையும் ஒரே பையில் கலந்தால் வரும் எண் மேற்பகுதிக்கும் பொருந்தாது, கீழ்ப்பகுதிக்கும் பொருந்தாது. அமில கார நிலையில் ஓர் எண் வேறுபாடு என்பது அமிலத்தன்மையில் பத்து மடங்கு வேறுபாடு என்பதால், இந்தக் கலப்பு இன்னும் ஏமாற்றும். ஒவ்வொரு பகுதியிலும் பத்துப் பதினைந்து இடங்களை வளைந்து வளைந்து நடந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பாதையோரம், வாய்க்கால், மரத்தடி, எரு குவித்த இடம், அண்மையில் உரமிட்ட இடம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். மேலே கிடக்கும் சருகை விலக்கி, 23 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஆங்கில எழுத்தான 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் பக்கச் சுவரை மேலிருந்து அடிவரை ஒரே தடிமனில் சீவி எடுக்க வேண்டும். சாதாரணமாகக் கொத்தி அள்ளினால் மேல்மண் அதிகமாகவும் அடிமண் குறைவாகவும் வரும்; சீவி எடுத்தால்தான் எல்லா ஆழமும் சம பங்கில் சேரும்.

இப்படிச் சேர்ந்த மண் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். ஆய்வகத்துக்கு அரைக் கிலோ போதும். அந்தக் குறைப்பையும் கண்டபடி செய்யக் கூடாது. மண்ணைச் சுத்தமான தாளில் கொட்டி, கட்டிகளை உடைத்து, நன்றாகக் கலந்து, வட்டமாகப் பரப்பி, சிலுவைக் கோடு போட்டு நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால் பகுதிகள் இரண்டை நீக்கிவிட்டு, மீதியை மறுபடி கலந்து மறுபடி பிரிக்க வேண்டும். குவியலாகக் கொட்டும்போது கல்லும் கட்டியும் உருண்டு ஓரத்துக்குப் போகும், பொடி நடுவில் தங்கும். நடுவிலிருந்து விளிம்புவரை போகும் கால் பகுதியில் இரண்டும் இருக்கும். நடுவிலிருந்து அள்ளும் ஒரு கைப்பிடியில் பொடி மட்டுமே இருக்கும். உரச் சாக்கில் மண்ணை வைக்காதீர்கள் என்று சொல்வதற்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

இடத்தை நாமே கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் என்ன என்று தோன்றலாம். நேர்மையான மனிதரின் கையும் தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயும் என்பதே இதற்கு விடை. 1931இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கிய பிரசாந்த சந்திர மகலனோபிசு, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் சாகுபடியை மாதிரிக் கணக்கெடுப்பின் மூலம் மதிப்பிடத் தொடங்கினார். வயலில் ஒரு சிறு பாத்தியை அளந்து, அதிலுள்ள பயிரை மட்டும் அறுத்து எடை போட்டு, மொத்த விளைச்சலைக் கணக்கிடுவது பயிர் அறுவடைச் சோதனை. பாத்தி மிகச் சிறியதாக இருந்தபோது விளைச்சல் உண்மையைவிடக் கூடுதலாகவே வந்துகொண்டிருந்தது. எல்லைக் கயிற்றின் மேலேயே நிற்கும் செடியை உள்ளே சேர்ப்பதா வெளியே தள்ளுவதா என்ற ஐயம் வரும்போதெல்லாம் கை அதை உள்ளே சேர்த்துவிடுகிறது. பாத்தி சிறியதாக ஆக, பரப்போடு ஒப்பிடும்போது எல்லையின் நீளம் கூடுவதால், பிழையும் கூடுகிறது. ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஆயினும் எண் பொய்யாகிவிட்டது. எடுப்பவருக்கு எடுப்பவர் வரும் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க மகலனோபிசு ஒரே பகுதிக்குத் தனித்தனியாக இரண்டு குழுக்களை அனுப்பி, இரண்டு முடிவுகளையும் ஒப்பிடும் வழக்கத்தையும் ஏற்படுத்தினார். எனக்கு இது மிகப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றுகிறது: மாதிரி எடுப்பவரின் கையையும் அளக்க வேண்டிய பொருள்களில் ஒன்றாக அவர் சேர்த்தார்.

கையின் சாய்வைத் தவிர்க்கும் வழி தேர்வைக் கையிடமிருந்து பறித்து, குலுக்கலிடம் கொடுப்பது. இதற்குச் சமவாய்ப்புத் தேர்வு என்று பெயர். தமிழருக்கு இது புதிதும் அன்று. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு விவரிக்கும் குடவோலை முறையில், ஓலைகள் குடத்தில் இடப்பட்டுக் கலக்கப்படுகின்றன. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்கிறான். கலப்பதும், விருப்பு வெறுப்பற்ற கையால் எடுப்பதும் என்ற இரண்டு நிபந்தனைகளும் அங்கே தெளிவாக இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்தில் நிரைகளுக்கு எண் கொடுத்துச் சீட்டுக் குலுக்கினால் அதே வேலை நடக்கும்.

எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. சமவாய்ப்பாக எடுத்த 100 கொழுந்துகளில் 60 நல்லவை என்று கண்டால், மூட்டையின் உண்மை விழுக்காடு பெரும்பாலும் 50க்கும் 70க்கும் இடையில் இருக்கும். இந்த இடைவெளியைப் பாதியாக்க வேண்டுமானால் 200 போதாது, 400 கொழுந்துகள் வேண்டும். பிழை மாதிரி அளவின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே குறைகிறது. மூட்டை 25 கிலோவாக இருந்தாலும் ஒரு லாரிச் சுமையாக இருந்தாலும், அது நன்றாகக் கலந்திருந்தால், இந்தக் கணக்கு ஏறக்குறைய மாறாது. ஆனால் மூட்டையின் வாயிலிருந்தே 400 கொழுந்துகளை எடுத்தால், தவறான விடையை மேலும் உறுதியோடு சொல்கிறோம், அவ்வளவுதான். எண்ணிக்கை தற்செயலான ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும். சாய்வை அது தொடவே தொடாது.

நீலகிரி மாவட்டத்துக்கு இந்தப் பாடம் ஒருமுறை பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1880ஆம் ஆண்டையொட்டி, தேவாலா, பந்தலூர்ப் பகுதியில் வெண்கல் எனப்படும் குவார்ட்ஸ் பாறைகளில் தங்கம் இருக்கிறது என்று இலண்டனில் பரபரப்பு எழுந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட பிரவு ஸ்மித் என்ற வல்லுநரின் அறிக்கைக்குப் பின் நிறுவனங்கள் வரிசையாகத் தொடங்கப்பட்டு, பெருந்தொகை திரட்டப்பட்டது. இயந்திரங்கள் மலையேறின. ஆலைகள் பாறையை அரைத்தபோது, ஆய்வுக்கு வந்த துண்டுகள் காட்டிய அளவுத் தங்கம் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் நிறுவனங்கள் சரிந்தன. அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் இன்றும் இருக்கின்றன. தங்கம் பாறையில் உப்புப்போல் கரைந்து கிடப்பதில்லை; துணுக்குத் துணுக்காக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. ஒரு துணுக்கு சிக்கிய கல் பெரும் செல்வம் என்று சொல்லும், சிக்காத ஆயிரம் கற்கள் ஒன்றுமில்லை என்று சொல்லும். வெளியே தெரியும் சிதைந்த பாறையில் தங்கம் செறிந்தும், ஆழத்தில் குறைந்தும் இருப்பது உலகின் பல இடங்களில் கண்டது. கண்ணுக்கு அழகான கல்லைப் பொறுக்கி ஆய்வுக்கு அனுப்பினால் என்ன வரும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இந்தச் சிக்கலுக்குக் கணக்கு முறையில் விடை தேடியவர் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பியர் கீ. 1940களின் பிற்பகுதியில் ஆப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் வேலை பார்த்தபோது, எத்தனை கிலோ தாது எடுத்தால் போதும் என்ற கேள்வி அவருக்கு எழுந்தது. பிறகு வாழ்நாள் முழுவதையும் அதற்கே கொடுத்தார். அவர் வகுத்த கோட்பாட்டின்படி, மாதிரிப் பிழையின் மாறுபாட்டளவு (பிழை எவ்வளவு சிதறுகிறது என்பதன் அளவு) துணுக்கின் விட்டத்தை மும்முறை பெருக்கிய அளவுக்கு ஏற்பக் கூடுகிறது, மாதிரியின் எடைக்கு ஏற்பக் குறைகிறது. துணுக்கின் விட்டத்தைப் பாதியாக உடைத்தால், அதே எடை மாதிரியில் அந்த அளவு எட்டில் ஒன்றாகிவிடும். ஆகவே முதலில் இடித்துப் பொடியாக்கு, பிறகு குறை என்பது சுரங்கத் தொழிலின் அடிப்படை வழக்கம். மண் ஆய்வகத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த பின்பே கிராம் கணக்கில் எடுப்பதற்கும் பின்னணி இதுவே.

குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலைத்தூளும் இப்படித்தான். மூட்டை குலுங்கக் குலுங்க, பொடி இடுக்குகள் வழியே கீழே இறங்கும், பெருந்துகள் மேலே வரும். மேலாக அள்ளியவர் ஒரு தேயிலையைச் சுவைப்பார், அடி மூட்டையை வாங்கியவர் வேறொன்றைக் குடிப்பார். குத்தூசியை மூட்டைக்குள் ஆழமாகச் செலுத்தித் தூளை எடுப்பதன் நோக்கம் அதுதான். சுவைபார்ப்பதற்குப் பன்னாட்டுத் தரவிதி ஒன்று இருக்கிறது: 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊற வேண்டும். சில கிராம் தூள் ஆயிரக்கணக்கான கிலோவுக்கு விலை சொல்கிறது. கோப்பைக்கு முந்தைய குத்தூசி தவறினால் நாக்கின் திறமை முழுவதும் வீண்.

சில பொருள்களில் சோதனையே பொருளை அழித்துவிடும். 1907இல் குன்னூரில் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம் தடுப்பு மருந்து தயாரிப்பில் நீண்ட வரலாறு உடையது. ஊசி மருந்துக் குப்பியில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் குப்பியை உடைத்துத்தான் ஆக வேண்டும். எல்லாவற்றையும் சோதித்தால் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. 500க்கு மேற்பட்ட குப்பிகள் உள்ள தொகுதியில் 2 விழுக்காடு அல்லது 20 குப்பிகள், எது குறைவோ அதைச் சோதிக்க வேண்டும் என்பது மருந்துத் தரநூல்களின் பொது விதி. இதில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நூற்றில் ஒரு குப்பி கெட்டிருந்தால், சமவாய்ப்பாக எடுத்த 20 குப்பிகளும் நல்லவையாகவே இருக்க ஏறக்குறைய 82 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அதாவது ஐந்தில் நான்கு முறை சோதனை அந்தக் கேட்டைப் பார்க்காமலே போய்விடும். மாதிரியால் மட்டும் தூய்மையை உறுதிசெய்ய முடியாது என்பதைத் தெரிந்தே மருந்துத் தொழில் நடக்கிறது. நீராவிக் கலத்தின் வெப்பமும் நேரமும், அறைக் காற்றின் வடிகட்டி, ஊழியரின் கையுறை, தண்ணீரின் தூய்மை என்று ஒவ்வொரு கட்டத்தையும் கண்காணித்துப் பதிவு செய்வதன் மேல்தான் அந்த 20 குப்பிகளின் முடிவு பொருள் பெறுகிறது.

தொழில்நுட்ப அறிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இங்கேதான் குடியிருக்கிறது. கருவியை விலைக்கு வாங்கலாம், செய்முறைப் புத்தகத்தையும் வாங்கலாம். ஆனால் வாட்டும் தொட்டியில் எந்த மூலை இலை எப்போதும் பின்தங்கி வாடும், எந்த நிரையின் கீழே பழைய சாம்பல் குவியல் இருந்தது, மழை நின்று எத்தனை நாள் கழித்து மண் எடுக்கலாம் என்பவை அந்த இடத்தில் உழைத்தவர்களுக்கே தெரியும். பொருள் எங்கே, எப்படி, ஏன் வேறுபடுகிறது என்று அறிந்தவரால்தான் அந்த வேறுபாடுகள் எல்லாம் இடம்பெறும் மாதிரியை எடுக்க முடியும். கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கேட்காமல் தோட்டத்தைப் பகுதிகளாகப் பிரிப்பவர் பாதி அறிவை வெளியே விட்டுவிட்டுத் தொடங்குகிறார் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் தோட்டத்தில் மேல் சரிவு எங்கே முடிந்து கீழ்ச் சரிவு எங்கே தொடங்குகிறது என்று எனக்குக் காட்டியது வரைபடம் அன்று. முப்பது ஆண்டுகளாக அங்கே கொழுந்து பறிக்கும் அத்தைதான் "இந்த சில்வர் ஓக்குக்குக் கீழ வெயில்லகூட மண்ணு காயாது" என்று சொல்லிக் காட்டினார்.

அந்த மரத்தை எல்லையாக வைத்து, மேலே பன்னிரண்டு குழியும் கீழே பன்னிரண்டு குழியும் வெட்டி, இரண்டு பைகளாகக் கொடுத்தேன். ஒவ்வொரு பையிலும் பகுதி, ஆழம், தேதி, கடைசியாக உரமிட்ட நாள், கவாத்து ஆண்டு ஆகியவற்றை எழுதிய சீட்டையும் போட்டேன். மேல் சரிவுக்கு 4.2, கீழ்ச் சரிவுக்கு 4.9 என்று வந்தது. கவாத்து முடிந்ததும் டோலமைட்டை மேல் சரிவுக்கு மட்டும் இட்டோம். இம்முறை மூட்டைகளைப் பாதையோரத்தில் இறக்காமல் வீட்டு முற்றத்தில் அடுக்கினோம்.